அளவிடும் கருவிக்கு யார் பணம் தருவது?

ஒலிபெருக்கி வாங்கும் முன் அதைப் பற்றிய மதிப்புரையைத் தேடிப் படிப்பது இன்று பலருக்கும் வழக்கமாகிவிட்டது. ‘இனிமையான ஒலி’, ‘துல்லியமான குரல்’ என்று மதிப்புரைகள் கூறும். ஆனால், பெயரையும் விலையையும் அறிந்தபின் கேட்கும் காது நடுநிலையானதன்று. கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் 1980களில் ஆய்வுகள் நடத்தினார். எந்த ஒலிபெருக்கி என்று தெரியாத நிலையில் கேட்டவர்கள் விரும்பியவை, அளவீட்டிலும் பெரும்பாலும் சீராக இருந்ததை அவை காட்டின. ஆகவே, நம்பத்தக்க மதிப்புரைக்குக் காதோடு கருவியும் தேவை.

அக்கருவியின் விலைதான் இடையூறு. இதுபோன்ற விலையுயர்ந்த சோதனைக் கருவியை வாங்க எண்ணும் எவருக்கும் உதவும் என்பதால், இதன் நிதிக் கணக்கை இங்கே விளக்குகிறோம்.

கருவியும் விலையும்

ஒலிபெருக்கி முன்புறம் மட்டுமன்றி எல்லாத் திசைகளிலும் ஒலியைப் பரப்புகிறது. எனவே, கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் 10 பாகைக்கு ஒன்றாக 70 அளவீடுகள் எடுக்கும் முறை தரநிலையாக ஏற்கப்பட்டுள்ளது. சுவரின் எதிரொலி கலவாமல் இதைச் செய்ய, எதிரொலியற்ற பெரிய அறை வேண்டும். அத்தகைய அறையைக் கட்டுவது தனிநபரால் இயலாத செயல்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள கிளிப்பெல் நிறுவனம் இதற்கு மாற்று வழி கண்டது. அதன் கருவியில், தானியங்கிக் கரம் ஒன்று ஒலிவாங்கியை ஒலிபெருக்கியைச் சுற்றிப் பல நூறு புள்ளிகளுக்கு நகர்த்துகிறது. அறையின் எதிரொலியைக் கணினி பிரித்து நீக்கிவிடுவதால் சாதாரண அறையே போதும். முழுத் தொகுதியின் விலை ஏறத்தாழ ஒரு லட்சம் அமெரிக்க டாலர். சுங்க வரி, ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி, சரக்குக் கட்டணம், காப்பீடு ஆகியன சேர்ந்தால் இந்தியாவில் ரூ.1 கோடியைத் தாண்டும்.

பணம் வரும் மூன்று வழிகள்

முதல் வழி, ஒலிபெருக்கி உற்பத்தியாளர்களின் விளம்பரமோ நன்கொடையோ பெறுவது. இது எளிது, ஆனால் யாரை அளக்கிறோமோ அவரிடமே அளவுகோலுக்குப் பணம் வாங்குவதாகும். அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் 1936 முதல் வெளிவருகிறது. அது விளம்பரம் ஏற்பதில்லை. சோதிக்கும் பொருள்களையும் தானே கடையில் விலைகொடுத்து வாங்குகிறது. அதன் மீதான நம்பிக்கைக்கு இதுவே அடித்தளம்.

இரண்டாவது, வாசகர்களின் சந்தா அல்லது நன்கொடை. இது நேர்மையான பணம்; ஆனால் சிறுகச் சிறுகத்தான் சேரும். கருவி வாங்கும் நாளில் முழுத் தொகையும் தேவை.

மூன்றாவது, வங்கிக் கடன். எந்த ஒலிபெருக்கி நல்லது என்பதில் வங்கிக்கு அக்கறை இல்லை. தவணை தவறாமல் வருமா என்பதே அதன் கேள்வி. இவ்வகையில் கடன் நடுநிலையான பணம். ஆனால் தவணை நெருக்கும்போது, முதல் வழியில் வரும் பணத்தை மறுப்பது கடினமாகும்.

கணக்கு என்ன சொல்கிறது?

மொத்தச் செலவு ரூ.1 கோடி என்று கொள்வோம். இதில் 25 சதவீதம், அதாவது ரூ.25 லட்சம், வாங்குபவரின் சொந்தப் பங்கு. மீதி ரூ.75 லட்சத்தை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் 7 ஆண்டுகளுக்குப் பெற்றால், மாதத் தவணை சுமார் ரூ.1,24,500. மொத்த வட்டி ரூ.29.6 லட்சம் அளவில் வரும்.

தவணையைப் போல் ஒன்றரை மடங்கு உபரி இருப்பது பாதுகாப்பான நிலை. அதன்படி மாதம் சுமார் ரூ.1,86,750 வேண்டும். வாடகை, மின்சாரம், உதவியாளர் ஊதியம் ஆகியவற்றுக்கு ரூ.60,000 சேர்த்தால் தேவை ரூ.2,46,750. மாதம் ரூ.200 தரும் சந்தாதாரர்கள் ஏறத்தாழ 1,234 பேர் இருந்தால் மட்டுமே இக்கடன் தாங்கும்.

இதிலிருந்து ஒரு விதியைக் கொள்ளலாம்: உற்பத்தியாளர்களிடமிருந்து ஒரு ரூபாயும் வராது என்று வைத்துக்கொண்டு எவ்வளவு தவணை கட்ட முடியுமோ, அவ்வளவே கடன் பெறுதல் வேண்டும். இக்கணக்கு தேறாவிடில், கடன் கிடைத்தாலும் நடுநிலைமை நிலைக்காது.

கவனிக்க வேண்டியவை

• இத்தகைய கருவிக்கு மறுவிற்பனைச் சந்தை மிகச் சிறியது. ஆகவே, கருவியே பிணையமாக இருப்பினும், வங்கி முதன்மையாக வருமானத்தையே பார்க்கும். கடந்த ஆண்டுகளின் சந்தா வரவு ஒரே கணக்கின் வழியாக வந்திருப்பது பெரிதும் உதவும்.

• உத்யம் பதிவு செய்த குறு நிறுவனமாயின், குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத அறக்கட்டளையின் திட்டம் பொருந்துமா எனக் கிளையில் கேட்டறியலாம்.

• விலை டாலரில் இருப்பின், ரூபாயின் மதிப்பு ஒரு ரூபாய் குறைந்தாலே செலவு ரூ.1 லட்சம் கூடும். செலாவணி விகிதத்தை முன்கூட்டியே உறுதிசெய்யும் வசதியை வங்கியில் பெறலாம்.

• இறக்குமதியில் செலுத்தும் சரக்கு மற்றும் சேவை வரிக்கு உள்ளீட்டு வரவு பெற, வரி விதிக்கத்தக்க வருமானம் இருத்தல் வேண்டும். வெறும் நன்கொடையை மட்டும் நம்பினால் இச்சலுகை கிட்டாது.

• வெளிநாட்டு வாசகர் நன்கொடை அளித்தால், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 பொருந்துமா என்பதைக் கணக்காளரிடம் கேட்டுத் தெளிதல் நன்று.

சிறிதாகத் தொடங்கலாம்

1,234 சந்தாதாரர்கள் இன்று இல்லையெனில், மனம் தளர வேண்டியதில்லை. அளவுத்திருத்தம் செய்யப்பட்ட ஒலிவாங்கியும் இலவச மென்பொருளும் சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் கிடைக்கின்றன. ஒலிபெருக்கியை 1.2 மீட்டர் உயரத்தில் வைத்து, அதே உயரத்தில் 1 மீட்டர் தொலைவில் அளந்தால், தரையின் எதிரொலி ஏறத்தாழ 4.7 மில்லிவினாடி கழித்தே வந்து சேரும். அதற்குள் பதிவானதை மட்டும் கொண்டால், சுமார் 215 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை ஓரளவு நம்பிக்கையுடன் மதிப்பிடலாம். அதற்குக் கீழுள்ள தாழ்சுருதிக்கு இம்முறை போதாது. அதை வாசகரிடம் வெளிப்படையாகக் கூறிவிடலாம்.

இவ்வாறு ஈராண்டு நேர்மையாக அளந்து வெளியிட்டால் சந்தாதாரர் பெருகுவர். வரவுக் கணக்கும் உருவாகும். பெருங்கருவிக்கான கடன் விண்ணப்பத்துடன் கிளைக்கு வரும்போது, அந்த வரவுக் கணக்கே உங்களுக்காகப் பேசும்.