எங்க வீட்டு யெஸ்டியை நான் ஜாம் பண்ணின கதை

1989 மாடல் யெஸ்டி ரோடுகிங். அப்பா தேங்காய் வியாபாரத்துல முதன்முதலா சேர்த்த காசுல வாங்கின வண்டி. அதுக்கு முன்னாடி ஒரு டிவிஎஸ் 50 வச்சிருந்தாரு, அதைப் பத்தி இன்னைக்கும் பாசமாத்தான் பேசுவாரு. ஆனா யெஸ்டி பேச்சு வந்தா குரலே மாறிடும். பிளஸ் டூ முடிச்ச லீவுல அந்த வண்டியை நான் பதினஞ்சே கிலோமீட்டர்ல காலி பண்ணேன். எப்படின்னு புரிய எனக்கு செகண்ட் இயர் தெர்மல் கிளாஸ் வரைக்கும் ஆச்சு. நீங்க அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்னுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல வண்டியைப் பத்தி. 'ஜாவா' என்ற பேரே யானெசெக், வாண்டரர் என்ற இரண்டு பெயர்களோட முதல் எழுத்துகளை ஒட்டினது. 1929-ல செக் நாட்டுல பிறந்த கம்பெனி. அவங்க கூட்டுல மைசூர்ல ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1960-களின் தொடக்கத்துல ஓட ஆரம்பிச்சது. 70-கள்ல பேரு யெஸ்டின்னு மாறுச்சு. 1996-ல தொழிற்சாலையை மூடிட்டாங்க. 250 சிசி, ஒரே சிலிண்டர், ஆனா ரெண்டு சைலன்சர். "ரெண்டு சிலிண்டரா?"ன்னு கேக்காத ஆளே இல்ல. ஒரே சிலிண்டர்ல ரெண்டு எக்ஸாஸ்ட் போர்ட், அவ்வளவுதான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த லிவர். கிக்கரும் கியரும் ஒண்ணேதான், அதுவும் இடது பக்கம். உள்பக்கமா அழுத்தி மேல தூக்கினா கிக்கர். வண்டி ஸ்டார்ட் ஆனதும் கீழ இறக்கினா கியர். கியரை மிதிக்கும்போதே உள்ளே கிளட்சும் விடுபடும், அதனால கையில கிளட்ச் பிடிக்காமலே கியர் மாத்தலாம். புதுசா ஓட்டுறவன் கையில வண்டியைக் கொடுத்துட்டு, அவன் வலது பக்கம் கிக்கரைத் தேடுறதை வேடிக்கை பார்க்கிறது எங்க தெருவுல ஒரு பொழுதுபோக்கு.

இப்ப என் குற்றத்துக்கு வரேன். மாமா ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 வச்சிருந்தாரு. பங்குல போய் பெட்ரோல் மட்டும் போடுவாரு. எப்பவாவது ஒருநாள் சைடுல இருக்கிற சின்ன டேங்க்ல டூ-டி ஆயில் ஊத்துவாரு. அதைப் பார்த்து வளர்ந்த நான், எல்லா டூ-ஸ்ட்ரோக்கும் இப்படித்தான்னு நினைச்சுட்டேன். அப்பா வெளியூர் போயிருந்த ஒரு நாள் யெஸ்டியை எடுத்தேன். டேங்க் காலி. ரெண்டு லிட்டர் வெறும் பெட்ரோல் போட்டேன். தாராபுரத்துல இருந்து மூலனூர் ரோடு. நல்ல வெயில், காலி ரோடு, 70-ல போறேன். திடீர்னு சத்தம் ஒரு மாதிரி இறுகிச்சு. அடுத்த நொடி பின் சக்கரம் 'கிரீச்'னு லாக் ஆகி வண்டி வாலை ஆட்டிச்சு. எப்படி விழாம நின்னேன்னு இன்னும் தெரியல.

ஏன் லாக் ஆச்சு? நம்ம இப்ப ஓட்டுற ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில இன்ஜின் அடியில ஆயில் நிக்கும், பம்ப் அதை எடுத்து எல்லா இடத்துக்கும் அனுப்பும். டூ-ஸ்ட்ரோக்ல கிராங்க் கேஸ்ல ஆயில் நிக்க முடியாது, ஏன்னா அந்த இடமே ஒரு காத்துப் பம்ப். பிஸ்டன் மேல போகும்போது கீழே கிராங்க் கேஸ்ல வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டர்ல இருந்து பெட்ரோல்-காற்றுக் கலவை உள்ளே இழுக்கப்படும். அதே நேரத்துல பிஸ்டனுக்கு மேல ஏற்கெனவே இருக்கிற கலவை அழுத்தப்பட்டு, ஸ்பார்க் விழும். பிஸ்டன் கீழே வரும்போது முதல்ல எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கும், அடுத்து டிரான்ஸ்ஃபர் போர்ட் திறக்கும். கீழே அழுத்தப்பட்டிருந்த புதுக் கலவை மேல ஏறி, எரிஞ்ச புகையை வெளியே தள்ளும். வால்வு இல்ல, கேம் இல்ல. பிஸ்டனே கதவு.

ஆக, கிராங்க் பேரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் ஆயில் போய்ச் சேர ஒரே வழி, பெட்ரோலோட கலந்தே போறது. ஆர்எக்ஸ் 100-ல அந்தக் கலக்கல் வேலையை ஒரு குட்டிப் பம்ப் பாத்துக்கும். யெஸ்டியில நாமதான் டேங்க்லயே கலக்கணும். நான் கலக்கல. அலுமினியப் பிஸ்டன், வார்ப்பிரும்பு சிலிண்டரை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். நடுவுல இருந்த ஆயில் படலம் போனதும் பிஸ்டன் சுவரைக் கவ்விப் பிடிச்சுக்கிச்சு. இதைத்தான் மெக்கானிக்குங்க "ஜாம்"னு சொல்றாங்க. பழைய ஆட்கள் டூ-ஸ்ட்ரோக் ஓட்டும்போது ரெண்டு விரலை எப்பவும் கிளட்ச் மேலயே வச்சிருப்பாங்க, கவனிச்சிருக்கீங்களா? ஸ்டைல் இல்லைங்க அது. ஜாம் ஆன நொடியில கிளட்சைப் பிடிச்சா சக்கரம் விடுபடும், ஆள் பிழைப்பான்.

ராத்திரி அப்பா வந்ததும் கேட்டது ஒரே கேள்வி. "ஆயில் ஊத்துனியா?" நான் தலையைக் குனிஞ்சேன். அவரு சாப்பிடப் போயிட்டாரு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். வண்டி மூணு வருஷம் மாட்டுக் கொட்டகையில சாக்கு மூடி நின்னுச்சு.

இந்த மூணு வருஷத்துல நான் நிறைய பழைய வண்டிச் சத்தம் கேட்டேன். புல்லட்டும் ஆர்எக்ஸும் ஏன் இவ்வளவு வேற மாதிரி? ஒரு கணக்கு போடுங்க. 3000 ஆர்பிஎம்-னா நொடிக்கு 50 சுத்து. டூ-ஸ்ட்ரோக் சுத்துக்கு ஒரு வெடி, அதனால நொடிக்கு 50. ஃபோர்-ஸ்ட்ரோக் ரெண்டு சுத்துக்கு ஒண்ணு, அதனால 25. புல்லட் 350-ல போர் 70, ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். நீளமான ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல், மெதுவான வெடி, அதனால ஒவ்வொண்ணும் தனித்தனியா காதுல விழும். ஆர்எக்ஸ் 100-ல ரெண்டுமே 50. π/4 × 5² × 5 போட்டுப் பாருங்க, 98 சிசி வரும். 11 குதிரைத்திறன், 103 கிலோ எடை. அந்தச் சீறலுக்கு வேற விளக்கம் தேவையில்ல.

ஐடில்ல டூ-ஸ்ட்ரோக் 'டிங்... டி-டிங்... டிங்'னு விட்டுவிட்டு அடிக்கும். அது மெக்கானிக் செட்டிங் தப்பு இல்ல. மெதுவா சுத்தும்போது பழைய புகை முழுசா வெளியே போகாது, புதுக் கலவையோட கலந்துடும், சில தடவை பத்தாது. நம்ம ரசிக்கிற தாளம் உண்மையில ஒரு மிஸ்ஃபயர்!

இதே குறைதான் அதைக் கொன்னதும். எக்ஸாஸ்ட் போர்ட்டும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டும் ஒரே நேரத்துல திறந்திருக்கும்போது, புதுப் பெட்ரோல்ல ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியா ஓடிடும். கூடவே எரிஞ்ச ஆயிலோட நீலப் புகை. ஆர்எக்ஸ் 100 வந்த அதே 1985-லதான் ஹீரோ ஹோண்டா சிடி 100-ம் வந்துச்சு. மைலேஜ்ல பக்கத்துலயே நிக்க முடியல. 2000-ல புகை விதிகள் இறுகின பிறகு டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொண்ணா மறைஞ்சுது. இப்ப 2022-ல திரும்பி வந்திருக்கிற யெஸ்டியும் ஃபோர்-ஸ்ட்ரோக்தான். எனக்கு வருத்தம்தான், ஆனா தினமும் காலேஜ் ஸ்டாண்டுல இருநூறு டூ-ஸ்ட்ரோக் புகை விடறதை நினைச்சா, விதி போட்டவங்க மேல கோபம் வரல.

போன வருஷம் இன்டர்ன்ஷிப் காசுல சிலிண்டரைக் கழட்டி, கோயம்புத்தூர்ல ஒரு லேத்துல அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் போர் போட்டோம். புது பிஸ்டன், ரிங், கிராங்க் பேரிங், சீல். ஆர்சி புதுப்பிக்க அலைஞ்சது தனிக் கதை. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். "விண்டேஜ்னு பதிஞ்சுடலாமே"ன்னு ஒரு நண்பன் சொன்னான். 2021 விதிப்படி அதுக்கு 50 வயசு ஆகணும், அப்புறம் தினசரி ஓட்டவும் முடியாது. எங்க வண்டி இன்னும் சின்னப் பையன்.

உங்க தாத்தா வீட்டுலயும் இப்படி ஒண்ணு நின்னா, தயவுசெஞ்சு போன உடனே கிக்கரை உதைக்காதீங்க. பழைய பெட்ரோலை வடிச்சுடுங்க. பிளக்கைக் கழட்டி, ரெண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறட்டும். அப்புறம் கையாலயே மெதுவா கிக்கரைச் சுத்திப் பாருங்க. ஃப்ரீயா சுத்தினா மட்டும் மேற்கொண்டு போங்க.

எங்க மெக்கானிக் கணக்கு லிட்டருக்கு 40 மில்லி. பங்குக்குப் போனா அப்பா வண்டியில இருந்து இறங்கி, ஆயில் பாட்டிலையும் அளவு மூடியையும் என் கையில கொடுத்துட்டு, ரோட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கறாரு. நான் ஊத்தி முடிச்சு மூடியைத் திருகின பிறகும், டேங்கை ஒரு தடவை ஆட்டிக் கலக்கிப் பார்த்துட்டுத்தான் கிக்கரைத் தூக்குறாரு.