தமிழ்நாட்டுக் கலியாண வீட்டுக்கு முதன்முறை போகிறீர்களா?

போர் எங்கள் குடும்பங்களைப் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் பிரித்துப் போட்டது. 1983இற்குப் பின்னர் படகேறிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தமிழ்நாட்டில் கலியாணம் முடிக்கிறார்கள். சிலர் முகாம்களுக்குள்ளேயே சம்பந்தம் செய்கிறார்கள். சிலர் அந்த ஊர்க் குடும்பங்களில் பெண் எடுக்கிறார்கள், பெண் கொடுக்கிறார்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிய பிறகு, அதுவரை கலியாணப் படங்களை மட்டும் பார்த்துவந்த உறவுகள் நேரில் போகத் தொடங்கியிருக்கின்றன.

மொழி ஒன்று, தாலி ஒன்று என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அங்கே சில விடயங்கள் புதிதாக இருக்கும். சாதிக்கும் மாவட்டத்துக்கும் ஏற்ப வழக்கம் மாறும். இங்கே சொல்பவை இந்துக் குடும்பங்களில் பரவலாகக் காணப்படுபவை.

முதல் நாள் இரவே வரவேற்பு

எங்களுக்குத் தாலி ஏறிய பிறகுதான் வரவேற்பு. அங்கே பல குடும்பங்களில் முதல் நாள் மாலையே மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் சோடியாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கூட்டமும் அன்றுதான் அதிகம். மறுநாள் முகூர்த்தம் அதிகாலையில் இருக்கலாம். நாலரை முதல் ஆறு மணி வரை என்று அழைப்பிதழில் கண்டால் அச்சுப் பிழை என்று எண்ண வேண்டாம். பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் பந்தியை மட்டுந்தான் காணலாம்.

மஞ்சள் கயிறும் கொடியும்

எங்கள் ஊரில் பொன்னுருக்கி, தாலி செய்து, தங்கக் கொடியில் கோத்து மாப்பிள்ளை பூட்டுவார். அங்கே பல சமூகங்களில் மஞ்சள் பூசிய கயிற்றில்தான் தாலி இருக்கும். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மற்ற இரண்டையும் அவருடைய சகோதரி போடுவார். அதை நாத்தனார் முடிச்சு என்பார்கள். சில மாதங்களின் பின்னர் கயிற்றைப் பிரித்துக் கோத்துத் தங்கச் சங்கிலிக்கு மாற்றுவதும் உண்டு. ஆகவே, “கயிற்றிலா கட்டினார்கள், கொடி இல்லையா?” என்று பெண் வீட்டாரிடம் கேட்டுவிடாதீர்கள். அது வறுமையின் அடையாளம் அன்று.

நாங்கள் கூறை என்று சொல்லும் சேலையின் பெயரே மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டை நினைவூட்டுவது. அங்கேயோ இன்று பெரும்பாலான மணப்பெண்கள் காஞ்சிபுரப் பட்டையே உடுக்கிறார்கள்.

கெட்டிமேளம் முழங்கும்போது இருந்த இடத்திலிருந்தே அட்சதை தூவுவார்கள். எங்களைப்போல் ஒவ்வொருவராக மணவறைக்குப் போய் அறுகரிசி போடக் காத்திருந்தால் நேரம் கடந்துவிடும்.

மொய் என்பது கணக்கு

மண்டபத்தில் ஒரு மேசையில் கொப்பியும் பேனையுமாக ஒருவர் இருப்பார். பெயர், ஊர், தொகை மூன்றையும் எழுதிக்கொள்வார். 501, 1001 என்று ஒரு ரூபாய் கூட்டிக் கொடுப்பது வழக்கம். இது அன்பளிப்பு மட்டுமன்று. மதுரை, தேனி போன்ற பக்கங்களில் இது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். நாளை உங்கள் வீட்டில் ஒரு நன்மை நடந்தால் அவர்கள் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, அதே தொகையோ அதற்கு மேலோ செய்வார்கள்.

வெளிநாட்டுக் காசோடு போகிற எம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முகாமில் கூலி வேலை செய்து பிள்ளையைக் கரைசேர்க்கும் ஒரு குடும்பத்துக்கு மொய்யில் பெருந்தொகை எழுதினால், அதைத் திருப்பிச் செய்ய முடியாத கூச்சத்தையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். உதவ நினைத்தால் தனியாகக் கூப்பிட்டு, கொப்பிக்கு வெளியே கொடுங்கள்.

பந்தியும் விடைபெறுதலும்

சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் கதிரைக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நிற்பார். அங்கே அது அவமரியாதை இல்லை, இடம் பிடிக்கும் முறை. சாப்பிட்டு முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டுக்கு உரியது என்று பலர் கருதுவர். புறப்படும்போது தேங்காய், வெற்றிலை, பாக்கு வைத்த தாம்பூலப் பை தருவார்கள். அதை வாங்காமல் வருவது மனத்தாங்கலாகிவிடும்.

மணவறைக்கு அருகில் யார் நிற்பது?

எங்கள் குடும்பங்களுக்கு மிகக் கடினமான இடம் இதுதான். தாரை வார்க்கத் தாயும் தகப்பனும் சோடியாக வேண்டும் என்பார்கள். ஆரத்தி எடுக்கச் சுமங்கலியைக் கூப்பிடுவார்கள். தகப்பன் சண்டையில் இறந்திருப்பார், அல்லது காணாமல் ஆக்கப்பட்டிருப்பார். தனியாக நின்று பிள்ளையை வளர்த்த தாய் மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒதுங்கி இருப்பார். கணவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத பெண்ணுக்கோ எந்த வரிசையில் இருப்பது என்பதே கேள்வி. அங்கேயுள்ள சம்பந்தி வீட்டார் ஒன்றும் அறியாமல், “பெண்ணோட அப்பா எங்கே?” என்று சபையில் கேட்டுவிடுவதும் நடக்கும்.

இந்த ஒதுக்கல் எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் வேறு வழியும் உண்டு. ஐயர் இல்லாமல், உறவினர் நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிச் செய்யும் சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் அண்ணா ஆட்சியில் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம் அங்கீகாரம் அளித்தது. அங்கே யார் தாலியை எடுத்துக் கொடுப்பது என்பதைக் குடும்பமே தீர்மானிக்கலாம். ஐயரை வைத்துச் செய்யும் கலியாணத்திலும் இதை முன்கூட்டியே பேசிவைக்க எந்தத் தடையும் இல்லை.

எனவே போகிறவர்கள் ஒரு வேலை செய்யலாம். கலியாணத்துக்கு ஒரு கிழமை முன்னரே சம்பந்தி வீட்டுப் பெரியவரோடு தொலைபேசியில் பேசி, தகப்பனைப் பற்றிய செய்தியைச் சொல்லிவையுங்கள். தாய் எங்கே நிற்க விரும்புகிறார் என்று முதலில் தாயிடமே கேளுங்கள். மேடையில் நிற்க விரும்பினால், சித்தப்பாவோ மாமாவோ அவரைக் கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். உறவுக்காரர் கடல் கடந்து போவதன் பயன் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.