சாலையைக் குறுக்கினா டிராஃபிக் அதிகமாகாதா? பாண்டி பஜார் நடைபாதைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி தி.நகர் போனவர்களுக்குத் தெரியும். ரங்கநாதன் தெருவில் நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். அங்கிருந்து பனகல் பார்க்கைச் சுற்றி பாண்டி பஜாருக்குள் நுழைந்தால் காட்சி மாறிவிடும். ஒரு கையில் கட்டைப்பை, இன்னொரு கையில் குழந்தை என்று போனாலும் தடுக்காமல் நடக்கலாம். கால் வலித்தால் பெஞ்சில் உட்காரலாம்.

அதே சாலையில் காரில் போகிறவர்களின் புலம்பல் வேறு. "இருந்த ரோட்டையே பாதியாக்கிட்டாங்க" என்பதுதான் அது. நடைபாதையை அகலமாக்கும் திட்டம் எந்த ஏரியாவில் வந்தாலும் முதலில் கிளம்பும் கேள்வியும் இதுதான். சாலையைக் குறுக்கினால் நெரிசல் கூடத்தானே செய்யும்?

பாண்டி பஜாரில் என்ன செய்தார்கள்?

தியாகராய சாலையில் இருக்கும் கடைவீதிதான் பாண்டி பஜார். நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன் பெயரில் வந்த 'சௌந்தரபாண்டியனார் அங்காடி', மக்கள் வாயில் பாண்டி பஜார் ஆனது என்று சொல்வார்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் இங்கே அமைக்கப்பட்ட நடைபாதை வளாகத்தை, 2019 நவம்பர் 13-ம் தேதி அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார்.

இது திடீரென்று முளைத்த யோசனை இல்லை. 2014-லேயே சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமாகத் தனியாக ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. இப்படி ஒரு கொள்கையைக் கொண்டுவந்த முதல் இந்திய மாநகராட்சி சென்னைதான். போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதத்தை இந்த இரண்டுக்கும் செலவிட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நகரின் நடைபாதைகளைப் பார்த்தால் நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கொள்கை அப்படித்தான் சொல்கிறது.

பாண்டி பஜாரை வாகனமே இல்லாத வீதியாக மாற்றலாம் என்ற பேச்சும் ஆரம்பத்தில் இருந்தது. சாலையை மூடி ஒத்திகையும் பார்த்தார்கள். வாகனங்கள் பக்கத்துத் தெருக்களில் போய் நெரிந்தன. கடைசியில், வாகனங்களுக்கும் வழிவிட்டு, நடைபாதையைப் பெரிதாக்கும் வடிவம்தான் நடைமுறைக்கு வந்தது.

பாதி சாலை எங்கே போனது?

இங்கேதான் கணக்கு வருகிறது. ஓர் உதாரணத்துக்கு 12 மீட்டர் அகலமுள்ள ஒரு கடைவீதியை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஓரத்திலும் கார் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு வரிசைக்கு 2 மீட்டர் என்று வைத்தால் 4 மீட்டர் அதிலேயே போய்விட்டது. நடைபாதையில் கடைச் சாமான், பைக், இ.பி. பெட்டி எல்லாம் இருப்பதால், மக்கள் நிறுத்தியிருக்கும் காரை ஒட்டி சாலையில் இறங்கி நடக்கிறார்கள். அதற்கு இரண்டு பக்கமும் சேர்த்து 2 மீட்டர். மிச்சம் 6 மீட்டர். வண்டி உண்மையில் ஓடுவது இந்த 6 மீட்டரில்தான். அதிலும் ஒரு கார் பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் வரும் எல்லோரும் நிற்க வேண்டும்.

இப்போது ஓர பார்க்கிங்கை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் நடைபாதையை 3 மீட்டர் அகலப்படுத்தினால்? வண்டிக்கு அதே 6 மீட்டர் இருக்கும். ஆனால் நடுவில் யாரும் இறங்கி நடக்க மாட்டார்கள், கதவைத் திறக்க மாட்டார்கள், ரிவர்ஸ் எடுக்க மாட்டார்கள். குறைந்தது பார்க்கிங்கே தவிர, ஓடும் சாலை இல்லை.

சரி, அந்த கார்கள் எங்கே போகும்? நியாயமான கேள்வி. பாண்டி பஜாரில் இதற்காகவே பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டப்பட்டது. ஆனால் காரை அங்கே விட்டுவிட்டு நடந்து வர மனசு வர வேண்டும். பக்கத்துத் தெருவில் இலவசமாக இடம் கிடைக்கும்வரை அது வராது. தெருவோரப் பார்க்கிங்குக்குக் கட்டணமும், போலீஸ் கண்காணிப்பும் இல்லாமல் நடைபாதையை மட்டும் அகலமாக்கினால், அந்தச் சுமை அடுத்த தெருவில் குடியிருப்பவர்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும்.

30 அடி தெருவில் என்ன செய்வது?

தியாகராய சாலை அகலமான சாலை. மாம்பலம் பக்கம் உள்ள 30 அடி தெருக்களில் இந்தக் கணக்கு எடுபடாது. 30 அடி என்றால் சுமார் 9 மீட்டர். இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிமுறைப்படி, நடக்க மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் கடந்து போகிற அகலம் அது. இரண்டு பக்கமும் விட்டால் 3.6 மீட்டர் போக, மிச்சம் 5.4. இதில் ஒரு பக்கத்துக்கு 2 மீட்டர் வீதம் தனி சைக்கிள் பாதையும் போட்டால், வண்டிக்கு 1.4 மீட்டர்தான் மிஞ்சும். ஓர் ஆட்டோ போவதே சந்தேகம்.

அதனால் குறுகிய தெருக்களில் சைக்கிளுக்குத் தனிப்பாதை போடாமல், வண்டிகளின் வேகத்தைக் குறைக்கிறார்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் எல்லோரும் போனால், சைக்கிளும் பைக்கும் ஒரே பாதையில் போகலாம். நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து போகும் இடங்களில் 30 கி.மீ. தான் உச்சவரம்பாக இருக்க வேண்டும் என்று 2020-ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டுப் பிரகடனம் பரிந்துரைத்தது. காரணம் பள்ளிக்கூட இயற்பியல்தான். 30-ல் போகும் வண்டியோடு ஒப்பிட்டால், 50-ல் போகும் அதே வண்டி மோதும்போது அதன் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு.

ஆனா போர்டு வைத்தால் யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. தெருவின் அமைப்பே குறைக்க வைக்க வேண்டும். தெருமுனை வளைவை இறுக்கமாக வைத்தால் வண்டி மெதுவாகத்தான் திரும்பும். மக்கள் கடக்கும் இடத்தில் சாலையை நடைபாதை உயரத்துக்கே மேடாக்கினால், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும், பாட்டி இல்லை.

சைக்கிள் என்றதும் ஈ.சி.ஆரில் ஞாயிறு காலையில் ஹெல்மெட் போட்டுப் போகிறவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். தி.நகரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வேறு. கேரியரில் டீ கேன் கட்டியவர், பேப்பர் போடும் பையன், இரவு ஷிஃப்ட் முடிந்து போகும் செக்யூரிட்டி. இவர்கள் யாரும் சைக்கிள் பாதை கேட்டு மனு போடுவதில்லை. பாண்டி பஜாரின் அகலமான சாலையிலும் இவர்களுக்கென்று தனிப் பாதை இல்லை.

நல்ல நடைபாதை ஏன் ஆறு மாதத்தில் கெடுகிறது?

முதல் காரணம் வீட்டு கேட்டுகள். ஒவ்வொரு கேட்டுக்கும் நடைபாதையை வெட்டி இறக்கினால், நூறு அடிக்குள் நாலு தடவை ஏறி இறங்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் சாலையிலேயே நடந்துவிடுவார்கள். நடைபாதையை ஒரே மட்டமாக விட்டு, கார் ஏற ஓரத்தில் மட்டும் சின்னச் சரிவு கொடுப்பதுதான் சரியான முறை. நடைபாதையின் உயரமும் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி.

இரண்டாவது, பூமிக்குள் இருப்பவை. மின்சாரக் கேபிள், இன்டர்நெட் கேபிள், குடிநீர், கழிவுநீர் என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே வழி விடாமல் மேலே டைல்ஸ் ஒட்டினால், அடுத்த பழுதுக்கே கடப்பாறை வந்துவிடும்.

மூன்றாவது, பைக். நடைபாதையில் ஏறாமல் தடுக்க இரும்புத் தூண்கள் நடுகிறார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சக்கர நாற்காலி நுழைய சுமார் 90 செ.மீ. இடைவெளி வேண்டும். பைக்கின் ஹேண்டில்பார் அதைவிடச் சின்னது. நெருக்கி நட்டால் பைக்கோடு சேர்த்து மாற்றுத்திறனாளியும் வெளியே. தள்ளி நட்டால் ரெண்டு பேரும் உள்ளே. தூணால் தீர்க்க முடியாத விஷயம் இது, அபராதம்தான் வழி.

வியாபாரிகள் நிலை?

பாண்டி பஜாரின் இன்றைய நடைபாதைக்கு முன்கதை ஒன்று உண்டு. பல ஆண்டுகளாக அங்கே கடை போட்டிருந்த 600-க்கும் மேற்பட்ட சாலையோர வியாபாரிகள், நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு 2013-ல் தனி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். நடந்து போகிறவர் கண்ணில் பட்டால் விற்கும் பொருள், மாடியில் இருந்தால் விற்காது என்பது அவர்கள் கவலை. 2014-ல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, இடம் ஒதுக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும். நடைபாதையை வரையும்போதே அவர்களுக்கான இடத்தையும் வரைந்துவிட்டால், நடக்கும் 1.8 மீட்டருக்குள் கடை வராது. பழங்களும் பூவும் விற்கிற நடைபாதையில் இரவு நேரத்தில் பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள் என்பதையும் திட்டம் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நடைபாதை கேட்பது உரிமையா?

ஆமாம். 2025 மே 14-ம் தேதி உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. நடைபாதை இல்லாததால் மக்கள் சாலையில் நடந்து விபத்தில் சிக்குகிறார்கள் என்று சுட்டிக்காட்டி, மாநிலங்கள் இதற்கு வழிகாட்டு நெறிமுறை வகுக்கவும் உத்தரவிட்டது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வகையில் நடைபாதைகள் இருக்க வேண்டும் என்பதையும் நீதிபதிகள் வலியுறுத்தினார்கள்.

தி.நகரில் இதற்கிடையே மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. ரயிலில் இறங்கி பஸ் பிடிக்கிறவர்களுக்கு வசதிதான். ஆனால் கீழே கடைகளுக்குப் போகிறவர்கள் மேலே ஏற மாட்டார்கள், அவர்களுக்குத் தரையிலேயே பாதை வேண்டும்.

உங்கள் தெருவில் நடைபாதை உடைந்திருந்தாலோ, ஆக்கிரமிக்கப்பட்டிருந்தாலோ சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லலாம். புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை கேட்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். நடைபாதையில் வண்டி நிறுத்தியிருந்தால் அது போக்குவரத்து போலீஸார் நடவடிக்கை எடுக்க வேண்டிய விஷயம். வண்டி எண் தெரியும்படி போட்டோ எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள்.