சேவையகத்தின் வாயில்கள்

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் இணையதளம் திறக்காமற்போனால், கூட்டமே காரணம் என்று எளிதில் கருதிவிடுகிறோம். அது எப்போதும் உண்மையன்று. உண்மைக் காரணத்தைச் சேவையகத்தின் இணைப்பு நிலைகள் காட்டிக்கொடுக்கும்.

வாயிலும் நிலையும்

இணையதளம், மின்னஞ்சல் எனப் பல பணிகளை ஒரே சேவையகம் ஆற்றக்கூடும். ஒவ்வொரு பணிக்கும் உரிய எண்ணே 'போர்ட்' எனப்படும் வாயில். 0 முதல் 65535 வரை வாயில்கள் எண்ணிடப்பட்டுள்ளன. பாதுகாப்பான இணையதளங்களுக்குரியது 443ஆம் வாயில்.

டிசிபி நெறிமுறையில் இணைப்பு மூன்று படிகளில் அமைகிறது. பயனரின் கணினி இணைப்பை வேண்டுகிறது. சேவையகம் இசைவு தெரிவிக்கிறது. பயனரின் கணினி அதனை உறுதிசெய்கிறது. வேண்டுகோளை எதிர்நோக்கியிருப்பது 'லிசன்' நிலை. இசைவளித்து, உறுதிக்குக் காத்திருப்பது 'சின் ரிசீவ்டு' நிலை. இணைப்பு முழுமை பெற்றது 'எஸ்டாப்ளிஷ்டு' நிலை. மறுமுனை விடைபெற்ற பின்னும் சேவையகத்தின் மென்பொருள் இணைப்பை மூடாதிருப்பது 'குளோஸ் வெயிட்' நிலை.

1996 தந்த பாடம்

1996 செப்டம்பரில், நியூயார்க்கின் 'பேனிக்ஸ்' என்னும் இணையச் சேவை நிறுவனம் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. போலி முகவரிகளுடன் வேண்டுகோள்கள் இடைவிடாது வந்தன. சேவையகம் ஒவ்வொன்றுக்கும் இசைவளித்து, ஒருபோதும் வாராத உறுதிக்காகக் காத்திருந்தது. காத்திருப்புப் பட்டியல் நிரம்பவே, உண்மையான பயனர்கள் நுழைய இயலவில்லை. அவ்வாண்டிலேயே டேனியல் பெர்ன்ஸ்டைன் ஒரு தீர்வை முன்வைத்தார். அதன்படி, சேவையகம் காத்திருப்போரை நினைவகத்தில் வைப்பதில்லை. தேவையான குறிப்பைத் தன் மறுமொழியின் வரிசை எண்ணிலேயே பொதிந்து அனுப்புகிறது. அவ்வெண்ணை ஒட்டிய உறுதி திரும்பி வந்தால் மட்டுமே இணைப்பை ஏற்கிறது.

கண்காணிக்கும் முறை

லினக்ஸ் இயக்க அமைப்பில் 'எஸ்எஸ்' என்னும் கட்டளை, ஒவ்வோர் இணைப்பின் நிலையையும் பட்டியலிடும். குறித்த இடைவெளியில் நிலைவாரியாக எண்ணி, வழக்கமான அளவுடன் ஒப்பிட வேண்டும். 'எஸ்டாப்ளிஷ்டு' பெருகினால் கூட்டம் மிகுந்திருக்கலாம். 'சின் ரிசீவ்டு' பெருகினால் தாக்குதலோ வலையமைப்புக் கோளாறோ இருக்கலாம். 'குளோஸ் வெயிட்' குறையாது பெருகினால் பெரும்பாலும் மென்பொருளில் பிழை உண்டு. கூட்டத்திற்குக் கூடுதல் சேவையகம் உதவும். பிழைக்கு அது தீர்வாகாது. எனவே இணைப்புகள் எத்தனை என்பதோடு, அவை எந்நிலையில் உள்ளன என்பதையும் அறிந்த பின்னரே தீர்வை நாடுதல் வேண்டும்.