சட்டம் சுட்டும் தகுதி

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், ஆசிரியர் ஓய்வறைகளில் ஒரு கேள்வி சுற்றிவருகிறது: "தகுதித்தேர்வு கட்டாயம் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது?" கல்வி உரிமைச் சட்டம் 2009-ஐ முழுக்கப் புரட்டினாலும் அந்தப் பெயர் கிடைக்காது. மத்திய அரசு அதிகாரமளிக்கும் கல்வி அமைப்பு வகுக்கும் குறைந்தபட்சத் தகுதி ஆசிரியருக்கு வேண்டும் என்று மட்டும் பிரிவு 23(1) சொல்கிறது. அந்த அமைப்பு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். தகுதித்தேர்வைச் சேர்த்தது, அது 2010 ஆகஸ்ட் 23-இல் வெளியிட்ட அறிவிக்கை.

எங்கள் பகுதிப் பெற்றோர் பலர் பனியன் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு இது புதிதல்ல. சாயம் போகிறதா என்று சோதிக்கும் முறையை ஆர்டர் தாளில் விரித்து எழுதுவதில்லை. 'ஐ.எஸ்.ஓ. 105 தரப்படி' என்று ஒரு வரி போதும். சரக்கு திரும்பி வருவதும் அந்த ஒரு வரியால்தான்.

சுட்டுவதில் இரு வகை உண்டு. பழைய ஆவணத்தின் வாசகத்தை அப்படியே சட்டத்துக்குள் எடுத்துக்கொண்டால், மூல ஆவணம் பின்னர் மாறினாலும் சட்டம் மாறாது. பிரிவு 23 அப்படியல்ல. அது ஆவணத்தையோ தேதியையோ குறிக்காமல், வகுக்கும் அமைப்பைச் சுட்டுகிறது. அதனால்தான் சட்டத்தைத் தொடாமலே, ஏழாண்டாக இருந்த தகுதிச் சான்றிதழின் காலம் 2021-இல் ஆயுள் முழுவதுமாயிற்று.

ஆனால் அமைப்பு வகுத்ததெல்லாம் நிலைத்துவிடும் என்பதும் இல்லை. பி.எட். முடித்தவர்களும் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆசிரியராகலாம் என்றது 2018 ஜூன் 28 அறிவிக்கை. 2023 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தனிப் பயிற்சி வேண்டும், அந்தத் தரத்தைத் தளர்த்துவது சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது என்பது அதன் சாரம். நானும் பி.எட். படித்தவன்தான், அந்தக் காரணம் நியாயமாகவே படுகிறது.

இன்றைய கலக்கம் 2010 அறிவிக்கையின் நான்காம் பத்தியில் இருக்கிறது. அதற்கு முன் உரிய விதிகளின்படி நியமனம் பெற்ற சில பிரிவினருக்கு அது விலக்கு அளித்தது. அதை நம்பிப் பல்லாண்டு பணியாற்றியவர்களுக்கும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டாண்டுக்குள் தேர்ச்சி வேண்டும் என்கிறது 2025 தீர்ப்பு. ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளவர் பணியில் தொடரலாம். பதவி உயர்வுக்குத் தேர்ச்சி வேண்டும்.

மத்திய அரசிதழில் இந்த அறிவிக்கைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகின்றன. நம் பணியைத் தீர்மானிக்கும் வரிகளின் தமிழாக்கம் ஒவ்வொரு வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் இருக்க வேண்டும். திருத்தம் வரும்போதெல்லாம், வந்த தேதியோடு அதையும் புதுப்பிக்க வேண்டும்.