மறுமுறையும் வரவழைக்கும் மருந்து

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் உள்ள நெல்லிவாசல்நாட்டிலிருந்து, பல இரவுகளாக உறக்கமிழந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் மகனை, சாமைக்காட்டு வேலையைப் போட்டுவிட்டு, ஒரு தாய் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்பே அவள் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டும் பூசாரியிடம் மந்திரித்தும் பார்த்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. பட்டணத்துப் படித்த குடும்பங்களும் அவ்வாறே செய்கின்றன.

அவளிடம் வைத்தியர், "பேய் பிசாசுன்னு இத்தனை நாளா வீட்டுலேயே வெச்சிருந்தீங்களா?" என்று தலைநிமிராமலே கடிந்துகொண்டு சீட்டெழுதினால், மாத்திரை கைக்கு வரும், அடுத்த மாதம் அவள் வரமாட்டாள். "இது எதனால வந்ததுன்னு உங்களுக்குத் தோணுதும்மா?" என்று கேட்டு, "கோயிலுக்குப் போங்க, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க" என்று சொல்லியனுப்பினால், அவள் மீண்டும் வரக்கூடும். மனோவியாதிக்கான மருந்தில் குணம் தெரியச் சில வாரங்களாகும். மயக்கமும் கைநடுக்கமுமோ அதற்கு முன்னரே வந்துவிடும். அந்த இடைக்காலத்தைக் கடத்திவிடுவது, வைத்தியர்மேல் நோயாளியும் குடும்பத்தாரும் வைத்திருக்கும் விசுவாசம் ஒன்றே.

இந்த உண்மையை நம் அண்டை ஊரே முன்கூட்டி உணர்ந்திருந்தது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம், நோயாளியைத் தனியே அடைத்துவைக்காமல், உறவினர் ஒருவரையும் உடன் தங்கவைத்து, அவரையும் சிகிச்சையில் பங்காளியாக்கிற்று. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல், சிகிச்சையின் நோக்கத்திலும் வழியிலும் வைத்தியர், நோயாளி இருவருக்கும் உடன்பாடும், அவர்களிடையே பற்றும் வேண்டும் என்று வகுத்துரைத்ததும் ஏறக்குறைய இதே கருத்துத்தான்.

இப்படி உடனிருக்கும் துணையின் பயனுக்குச் சான்றும் உண்டு. 2014-இல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வெளியான ஆய்வொன்றில், காஞ்சிபுரம், கோவா, சாத்தாரா ஆகிய இடங்களில் ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய் உள்ள 282 பேரில் ஒரு பகுதியினருக்கு, வழக்கமான சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சமூகச் சுகாதாரப் பணியாளர்களின் துணையும் அளிக்கப்பட்டது. அவர்களிடம் நோயின் கடுமையும் அதனால் விளைந்த இயலாமையும் ஓரளவு குறைந்தன. கிராமப்புறக் காஞ்சிபுரத்திலேயே அப்பயன் அதிகம்.

2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக்கியிருக்கிறது. 14416 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் கிடைக்கிறது. ஆயினும் மலைவாழ் குடும்பத்துக்கு வேண்டுவது, மாதந்தோறும் முகம் மாறாமல் வந்து, பெயர் சொல்லி அழைத்து, போன மாதம் சொன்னதை நினைவில் வைத்திருக்கும் ஒருவர். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி இளைஞர்களிலேயே சிலரை அதற்குப் பயிற்றுவித்து, நிரந்தரச் சம்பளம் கொடுத்து, அவர்களுக்குப் பின்னே ஒரே வைத்தியரைச் சில ஆண்டுகளேனும் நிறுத்திவைப்பது அரசாங்கத்துக்கு அரிய காரியமன்று. அதைச் செய்யாதவரை, மாத்திரை மலையேறினாலும் சிகிச்சை அடிவாரத்திலேயே நின்றுவிடும்.