காலுக்கு ஒரு பந்தல்

புதுவையிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அரியாங்குப்பம். அரிக்கமேட்டின் புராதனக் கீர்த்தியைக் காண வருவோரும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் செல்லும் வழி அது. இத்தகைய சாலையில் ஒருவர் விழுந்து, காலெலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளிவந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போகும் உறவினர் திடுக்கிடுவர். மாவுக்கட்டு இல்லை, காலிலிருந்து நாலைந்து இரும்புத் திருகாணிகள் நீட்டிக்கொண்டிருக்க, அவற்றை ஒரு தண்டு வெளியே பிணைத்திருக்கும்.

"ஐயோ, இதென்ன கொடுமை!" என்று வீட்டுப் பெண்கள் கண்ணீர் விடுவதுண்டு. உண்மையில் அதுவே காலைக் காக்கும் உபாயம். புண்ணை மாவுக்கட்டால் மூடினால், உள்ளே சீழ் பிடிப்பது தெரியாது. அழுக்கேறிய காயத்துக்குள் தகடு பொருத்தினால், கிருமிகள் அதைப் பற்றிக்கொள்ளக்கூடும். ஆகவே முறிவுக்கு மேலும் கீழும் நல்ல எலும்பில் திருகாணி ஏற்றி வெளியே பிணைக்கிறார்கள். புண் திறந்தேயிருப்பதால் தினந்தோறும் கழுவலாம்.

இதன் பலம் எதிலிருக்கிறது? பந்தல் போடுகிறவருக்குத் தெரிந்த சூட்சுமந்தான். கழி பருத்தால் வளையாது. 4 மில்லிமீட்டர் திருகாணிக்குப் பதில் 5 மில்லிமீட்டர் போட்டால், வளைவை எதிர்க்கும் சக்தி ஏறக்குறைய 2.4 மடங்காகும். அதற்காக மிகப் பருமனாகவும் கூடாது. எலும்பின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கை மீறினால், துளையிட்ட இடத்திலேயே எலும்பு முறியலாம். தண்டுக்கும் எலும்புக்கும் உள்ள தூரம் இரட்டித்தால், திருகாணியின் உறுதி எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகையால் வீக்கத்துக்கு மட்டும் இடம்விட்டு, தண்டைத் தோலருகே அமைப்பர். ஒவ்வொரு துண்டிலும் ஒரு திருகாணி முறிவுக்கு அருகிலும், மற்றொன்று இயன்றவரை தொலைவிலும் இருப்பது உத்தமம்.

ஆனால் அசைவே கூடாதென்பதும் சரியல்ல. இங்கிலாந்தில் குட்ஷிப், கென்ரைட் என்ற இருவர் ஆடுகளின் காலெலும்பில் செய்த சோதனையை 1985-ல் வெளியிட்டனர். தினமும் சிறிது நேரம் நுண்ணிய அசைவு பெற்ற எலும்பு, அசையாதிருந்த எலும்பைவிட நன்றாகக் கூடியது. ரஷ்யாவில் குர்கான் நகரத்து இலிஸரோவ் 1950-களில் அமைத்த வளையச் சட்டம் இதற்கு இசைந்தது. சைக்கிள் சக்கரத்து ஆரைக்கம்பிகளைப் போல் மெல்லிய கம்பிகளைச் சுமார் 100 கிலோ இழுவிசையில் முறுக்கிக் கட்டுவர். நோயாளி காலூன்றும்போது எலும்பு நேர்மேலும் கீழுமாகச் சற்றே அசையும், பக்கவாட்டில் கோணாது.

பிரெஞ்சு வைத்தியர் மல்கேன் 1840-களிலேயே முறிந்த முழங்கால் சில்லை இரும்புக் கொக்கிகளால் பிணைத்தார். அதற்கும் பல நூற்றாண்டு முன்பே நம் சுசுருதர், முறிவுக்கு மூங்கிலையும் ஆல், அத்தி, அரச மரப்பட்டைகளையும் வைத்துக் கட்டச் சொன்னார். நம் நாளில், பம்பாய் டாக்டர் பி. பி. ஜோஷி எளிய, இலேசான வெளிச் சட்டமொன்றை வகுத்துத் தேசத்துக்கு உதவினார். பழம்பெருமை பேசுவதோடு நில்லாமல் புதியது படைப்பதன்றோ சுதேசியம்!

வீட்டாருக்கும் கடமையுண்டு. திருகாணி நுழையும் இடங்களே கிருமியின் வாசல். வைத்தியர் சொன்னபடி அவற்றைச் சுத்தம் செய்யவேண்டும். சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, திருகாணி ஆடினாலோ உடனே காட்டவேண்டும். பார்வைக்கு அழகில்லையென்று நாளுக்கு முன்னே சட்டத்தைக் கழற்றச் சொல்வது, காரை காயுமுன் சாரத்தைப் பிரிப்பதற்குச் சமானம்.